கம்பளியில் ஒரு சூசையப்பர்

1

போன நவம்பர் மாதம் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் என் விரல்கள் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

ஒலிபெருக்கியில் "சிஞோர் பெர்னாண்டோ" என்று கூப்பிட்டார்கள். நானும் என் கணவர் ரெஜியும் ஒன்றாக எழுந்தோம். இலங்கையில் எங்கள் கரையில் பாதிப் பேருக்கு அது குடும்பப் பெயர். இங்கே இத்தாலியில் அது ஆம்பிளைப் பிள்ளைக்கு வைக்கிற பெயர். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து அலுவலகங்களுக்கு நான் ஒரு ஆண்பிள்ளைதான். முதலில் கோபம் வந்தது, இப்போது வருவதில்லை. ரெஜி மட்டும் ஒவ்வொரு தடவையும் "ஐயா முதல்ல போங்க" என்று எனக்கு வழிவிடுவார்.

கைவிரல் அடையாளம் எடுக்கும் கண்ணாடித் தட்டில் வலது சுட்டுவிரலை வைத்தேன். இயந்திரம் கீச்சென்று கத்தியது. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். துடைத்துவிட்டு வைத்தேன். மறுபடியும் கீச். நடுவிரலுக்கும் கத்தியது, பெருவிரலுக்கும் கத்தியது. அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளை என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் பொட்டுப் பொட்டாக ஊசிக் குத்து.

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

பாடசாலைச் சமையலறையில் வேலை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் விரலைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாளே என்று, "நான் முகம் செய்கிறேன்" என்றேன். அவள் என்னை அழகு நிலையத்துக்காரி என்று நினைத்துவிட்டாள். தன் புருவத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் கைப்பையைத் திறந்து, துவாய்க்குள் சுற்றி வைத்திருந்த தலையை எடுத்து மேசையில் வைத்தேன். தோடம்பழம் அளவு தலை. கண்குழி உண்டு, கண் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இது யார் என்று அவள் கேட்டாள். இயேசுவை வளர்த்த சூசையப்பர் என்றேன். அவள் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

விரல் ஆறினபிறகு வாருங்கள், அதுவரைக்கும் குத்தாதீர்கள் என்று சொல்லி வேறொரு நாள் கொடுத்தாள். நாங்கள் வெளியில் வந்தோம். பஸ் தரிப்பிடத்தில் இருந்துகொண்டு நான் தலையை எடுத்துக் குத்தத் தொடங்கினேன். சொன்னபடி கேட்கிற நிலைமையில் நான் இல்லை. டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் இந்தத் தலை கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் என் இரண்டு அண்ணன்மாருக்கும் இடையில் இருக்கிற வேலி இன்னும் ஒரு முழம் உயரும்.

2

ஊசியும் கம்பளியும் என் கைக்கு வந்ததே என் மகளால்தான். ஷெரினுக்குப் பதினாறு வயது. இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் இத்தாலியனில் பதில் சொல்லுவாள். நான் அதட்டினால் தமிழுக்கு வருவாள், இரண்டு வசனத்தில் மறுபடியும் நழுவிவிடுவாள். அதற்கு முந்தின மாரிக்காலத்தில் ஒருநாள், "மம்மா, நீ வேலைக்குப் போறாய், வீட்டுக்கு வாறாய், போனில ஊரோட கதைக்கிறாய். இந்த ஊரில உனக்கு ஒரு ஆளையும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, நகர நூலகத்தில் வியாழன் பின்னேரம் நடக்கும் கம்பளி வகுப்புக்கு என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள்.

நாங்கள் இருப்பது வடக்கில், மலையடிவாரத்தில். சுற்றிவர ஆட்டுப் பட்டிகள். வகுப்பு நடத்துகிற பாவோலா என்னைவிட இளையவள், பகலில் மருந்துக்கடையில் நிற்கிறாள். முதல் நாள் ஒரு பிடி கம்பளியை என் கையில் வைத்தாள். பஞ்சு போல இருந்தது, ஆனால் பஞ்சு இல்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனால் லேசாக ஆடு மணத்தது. அதை உருட்டி, ஒரு நுரைத் திண்டில் வைத்து, நீண்ட மெல்லிய ஊசியால் குத்தச் சொன்னாள். நூல் கிடையாது, தையல் கிடையாது. ஊசியின் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுக்கள் இருக்கின்றன. குத்தும்போது அவை மயிரை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், மயிர் ஒன்றோடொன்று சிக்கி இறுகும். குத்தக் குத்தப் பஞ்சு கட்டியாகும். எங்கே அதிகம் குத்துகிறோமோ அங்கே பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் பக்கம் மேடாகும். அதுதான் முழு வித்தையும்.

கேட்க லேசு. நான் முதல் அரைமணித்தியாலத்தில் மூன்று ஊசி உடைத்தேன். மற்றப் பெண்கள் ஒருத்தியும் உடைக்கவில்லை. பாவோலா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று என் கையையே பார்த்தாள். "நேராகக் குத்தி நேராக எடு. நீ ஏன் எடுக்கும்போது திருகுகிறாய்?" என்று கேட்டாள்.

நான் திருகுவது எனக்கே தெரியாது. பிறகுதான் விளங்கியது. கற்பிட்டியில் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் கரையில் வளர்ந்த ஒருத்தியின் கையில் நீங்கள் எந்த ஊசியைக் கொடுத்தாலும் அவள் அதை வலை ஊசியாகத்தான் பிடிப்பாள். கிழிந்த வலைக் கண்ணுக்குள் ஊசியை விட்டு, எடுக்கும்போது மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினால்தான் முடிச்சு விழும். பள்ளிக்கூடத்தால் வந்து பாணும் சம்பலும் தின்றுவிட்டு நாங்கள் அண்ணன் தங்கச்சி மூன்று பேரும் இருந்து செய்த வேலை அது. பெரியண்ணன் லோறன்ஸ் ஒரு முனையிலும் சின்னண்ணன் யூட் மறுமுனையிலும் இருந்து தைத்துக்கொண்டு வருவார்கள், யார் நடுவுக்கு முதலில் வருவது என்று போட்டி. நான் நடுவில் இருந்து இரண்டு பேரிடமும் குட்டு வாங்குவேன். வாய் எவ்வளவோ மறந்துவிட்டது. கை ஒன்றையும் மறக்கவில்லை.

மணிக்கட்டைத் திருகாமல் வைத்திருக்க ஒரு மாதம் பிடித்தது. திருகாமல் இருக்கிற கவனத்தில் விரலில் குத்திக்கொள்வேன். குத்தும்போதெல்லாம் "ஐயோ" என்பேன். மூன்றாம் வாரம் பக்கத்துக் கதிரையில் இருந்த தபால்காரரின் மனைவி தன் விரலில் குத்திக்கொண்டு "அயோ" என்றாள். இப்போது வியாழன் பின்னேரங்களில் அந்த நூலகத்தில் எல்லாரும் அயோதான். ஷெரினுக்கு நான் இதைச் சொன்னபோது அவள் சாப்பாட்டைத் துப்பிச் சிரித்தாள்.

3

முதலில் எல்லாருக்கும் ஒரு செம்மறியாடு செய்யக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துச் செம்மறிக்குச் சடை மயிர் ஏது? வழவழவென்று இருக்கும், வாலைப் பார்க்காவிட்டால் வெள்ளாடு என்றுதான் சொல்லுவீர்கள். நத்தார்க் குடிலில் ஆட்டுக்குப் பஞ்சு ஒட்டுவதை நான் சின்ன வயதில் ஒரு அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்த செம்மறியைச் செய்தேன். வகுப்பு முழுவதும் என் நாயைப் பாராட்டியது.

பிறகு முகங்கள். அங்கேதான் நான் விழுந்தேன். வேறு எதையும் செய்ய எனக்கு ஆசை இல்லாமல் போய்விட்டது.

எல்லாரையும் போல நானும் முதலில் கண்ணை நெற்றிக்குக் கிட்ட வைத்தேன். தவளை வந்தது. தலையின் சரி நடுவில்தான் கண் இருக்கிறது, தொட்டுப் பார் என்றாள் பாவோலா. நாங்கள் எல்லாரும் எங்கள் எங்கள் தலையை அளந்து பார்த்தோம். ஐம்பதுக்குக் கிட்டின வயதில் என் கண் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு பஸ்ஸில், கடையில், பூசையில், ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கன்னம் எங்கே தொடங்குகிறது, சிரிக்கும்போது எது முதலில் அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வாயின் ஓரத்தில் இரண்டு குத்துக் கூடினால் சந்தோஷமான மனுசன் சலித்துப்போவான். அந்த இரண்டு குத்துக்காக நான் இரண்டு நாள் யோசிப்பேன்.

பாவோலா தந்த தோல்நிறக் கம்பளி இளம் ரோஸ் நிறம். அதில் ரெஜியைச் செய்து பார்த்தேன். "இது ஆர், வெயில்ல காய்ஞ்ச பாதிரியாரோ?" என்றார் ரெஜி. பாவோலா ஒரு மண்ணிற ஆட்டின் கம்பளியைத் தேடிக் கொண்டுவந்து தந்தாள். இரண்டையும் நாய்க்குச் சீவுகிற இரண்டு தூரிகைகளுக்கு நடுவில் வைத்து இழுத்து இழுத்துக் கலந்தேன். எங்கள் நிறம் வந்தது. குசினி மேசையில் இருந்து என்னை ஒரு முகம் எங்கள் நிறத்தில் பார்த்தபோது நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து அதற்கு முன்னால் இருந்து குடித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

முகங்களின் படத்தைச் சின்னண்ணனின் மனைவி ரோசலினுக்கு அனுப்புவேன். ரோசலின் மச்சாள் அதைக் கரை முழுக்கக் காட்டிவிடுவாள்.

4

ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் சின்னண்ணன் போன் எடுத்தார். அவர் தானாக எடுக்கிற ஆள் இல்லை.

"பிள்ளை, சூசையப்பர் போயிட்டார்" என்றார்.

சூசையப்பு என்று ஊரில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.

"எந்தச் சூசையப்பர்?"

"எங்கட சூசையப்பர்தான். கழுதை உதைச்சுப் போட்டுது."

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. நத்தார்க் குடிலில் வைக்கும் சுரூபங்கள் கோவிலில் இருப்பதில்லை. வருடம் முழுக்க ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பத்தின் வீட்டில் இருக்கும். மாதா ஒரு வீட்டில், ராசாக்கள் மூன்று வீட்டில், ஆடுகள் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில். நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் எல்லாரும் அவரவர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்து கோவிலுக்குப் போவோம். பாலன் இயேசுவை மட்டும் நடுச்சாமப் பூசையில் பங்குச் சுவாமி வைப்பார். எங்கள் குடும்பத்துக்குச் சூசையப்பர். அப்பா இருந்தவரை அப்பா தூக்கினார். அப்பாவுக்குப் பிறகு ஒரு வருடம் பெரியண்ணன், மறுவருடம் சின்னண்ணன். யாருடைய முறையோ அவர் வீட்டு அலுமாரிக்கு மேல் சூசையப்பர் இருப்பார்.

அந்த இரண்டு பேரும் கதைத்து ஆறேழு வருடம் ஆகிறது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சின்னண்ணன் கடலை விட்டுவிட்டு வெங்காயத் தோட்டம் செய்யத் தொடங்கினார். கொஞ்ச நாளில் ஒருமுறை படகுகள் இழுத்து வைக்கிற இடத்தில் காற்றைப் பற்றிக் கதை வந்திருக்கிறது. சின்னண்ணன் ஏதோ சொல்ல, பெரியண்ணன் எல்லாருக்கும் முன்னால், "வெங்காயம் உரிக்கிறவனுக்குக் காத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அன்றைக்கே இரண்டு பேரும் இருக்கிற வளவுக்கு நடுவில் தென்னங்கிடுகு வேலி வந்தது. அதற்குப் பிறகு சின்னண்ணனின் வாயில் அண்ணன் என்ற சொல் இல்லை. "வேலிக்கு அங்கால உள்ளவர்" என்பார். சூசையப்பர் வேலிக்கு மேலால் மச்சாள்மார் இருவரின் கைவழியாக வருடத்துக்கொரு தடவை மாறிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் சின்னண்ணனின் முறை. மழை தொடங்க முதல் பூச்சுப் பூசலாம் என்று சுரூபத்தைக் கழுவி முற்றத்தில் கதிரையில் வெயிலுக்கு வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் கழுதைகள் கேட்பார் இல்லாமல் திரிகிறவை. குடிலில் சூசையப்பருக்குப் பக்கத்தில் காலமெல்லாம் நின்ற மிருகமே அவரை முடித்துவிட்டது. கைத்தடி மட்டும் முழுதாக இருக்கிறதாம்.

"சிலாபத்துக் கடையில வாங்கேலாதா அண்ணன்?"

"போய்ப் பார்த்தன். சூசையப்பர் தனியக் குடுக்க மாட்டாங்களாம். மாதா, பாலன், மாடு எல்லாத்தோடயும் சேர்த்துத்தான் எடுக்கவேணும். அளவும் எங்கட மாதாவுக்குத் தோதில்ல." பிறகு, "நீ அந்த ஆட்டு மயிரில முகம் செய்யிறாய்தானே. ஒரு சூசையப்பர் செய்யேலாதா?" என்றார்.

"செய்யலாம்."

"வேலிக்கு அங்கால உள்ளவருக்கு மட்டும் இது தெரியப்படாது. தெரிஞ்சா வெங்காயக்காரன் உடைச்சுப் போட்டான் எண்டு கரை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். பிறகு நான் அந்தக் கோவில் வாசலை மிதிக்க மாட்டன், பிள்ளை. சத்தியமா மிதிக்க மாட்டன்."

சின்னண்ணன் சொன்னால் சொன்னதுதான். அடுத்த நாளே நான் கம்பியை வளைத்துச் சூசையப்பருக்கு உடம்பு கட்டத் தொடங்கினேன்.

5

உடம்பு சுகமாக வந்தது. ரெஜியின் பழைய மண்ணிறச் சேட்டில் நீளமான அங்கி தைத்தேன். முகம்தான் வரவில்லை.

கலண்டரில் இருக்கும் சூசையப்பரைப் பார்த்து முதலாவதைச் செய்தேன். சவர்க்கார விளம்பரத்துக்கு வந்தவரைப் போல இருந்தார். வியாழன் கொண்டுபோய்க் காட்டினேன். பாவோலா கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். "அழகுதான். ஆனால் இவர் ஒருநாளும் வேலை செய்தவர் இல்லை. உன் ஊரில் உனக்கு ஒரு தச்சனைத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரிந்த ஆம்பிளைகள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள் என்றேன். "அப்படியென்றால் கடலுக்குப் போகிற ஒருவர்" என்றாள்.

யாரையும் நினைத்து நான் செய்யவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். வெயிலுக்குச் சுருங்கின கண்ணாக இருக்கட்டும் என்று கண்குழியை ஒடுக்கினேன். கன்னத்தை உள்ளே எடுத்தேன். நெற்றியில் மூன்று கோடு. தனியாக ஒரு சிறு உருண்டை இறுக்கி மூக்காக வைத்துச் சுற்றிவரக் குத்தினேன். அது போதாது போல இருந்தது, இன்னும் கொஞ்சம் கம்பளி வைத்தேன். இடது புருவத்தை வலதைவிடக் கொஞ்சம் தூக்கி வைத்தேன், ஏன் என்று தெரியாது. பஸ்ஸில் குத்தினேன், பாடசாலையில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபிறகு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து குத்தினேன். அந்தக் கட்டத்தில்தான் விரல் இயந்திரம் என்னைப் பார்த்துக் கத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குசினி மேசையில் கண் வைத்துக்கொண்டிருந்தேன். ஷெரின் பால் எடுக்க வந்தாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபடியே நின்று பார்த்தாள்.

"லோறன்ஸ் மாமா ஏன் கோபமா இருக்கிறார்?" என்றாள். தமிழில்.

நான் சூசையப்பரின் தலையைத் திருப்பிப் பார்த்தேன். என் கையில் பெரியண்ணன் இருந்தார். நெற்றி, புருவம், அந்த மூக்கு, எல்லாம் அவரேதான்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அவரைப் போனில கூட ஒழுங்காப் பார்க்கிறது இல்லையே."

"சின்னனில ஊருக்குப் போனப்போ அவர்தானே என்னைத் தோளில வச்சுக்கொண்டு கடலுக்குள்ள நடந்தவர். நான் மேல இருந்து பிடிச்சுக்கொண்டு இருந்தது இந்த மூக்கைத்தான்." சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "அவர் அப்ப பாட்டுப் பாடினவர் மம்மா. பயப்படாதே எண்டு பாடினவர். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு." இத்தாலியனுக்கு நழுவாமல் அவள் அவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் காலைச் சாப்பாடு மத்தியானச் சாப்பாடாகப் போய்விட்டது.

ஆனால் இது சின்னண்ணனுக்குப் போகிற சூசையப்பர். ரெஜி தலையில் கை வைத்தார். "மாத்து, மாத்து. யூட் மச்சான் இதைக் கடலுக்குள்ள எறிவார்" என்றார். மூக்கைச் சிறிதாக்கலாம் என்று மேலும் குத்தினேன். கம்பளி இறுகி மூக்கு இன்னும் கூர்மையாகி முன்னைவிடப் பெரியண்ணனாக வந்து நின்றது. சுருள் கம்பளியில் தாடி வைத்து மூடிப் பார்த்தேன். "இப்ப தவக்காலத்து லோறன்ஸ்" என்றார் ரெஜி. தவக்காலத்தில் பெரியண்ணன் முகம் வழிக்க மாட்டார்.

புதிதாக ஒரு தலை செய்ய நேரம் இருக்கவில்லை. ஊருக்குப் போகிற ஒரு குடும்பம் அடுத்த கிழமை விமானம் ஏறுகிறது. உண்மையைச் சொன்னால், நேரம் இருந்திருந்தாலும் நான் மாற்றியிருக்க மாட்டேன். இவ்வளவு தூரத்தில், இத்தனை வருடத்துக்குப் பிறகு, யாரும் கேட்காமல் என் கை என் அண்ணனைச் செய்திருக்கிறது. அதை நானே ஊசியால் குத்திக் கலைப்பதா? ஒரு பெட்டிக்குள் பழைய துவாய் சுற்றி வைத்துக் கொடுத்தனுப்பினேன். கொடுத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. சின்னண்ணன் இதைத் தூக்க மறுத்தால் எங்கள் குடும்பத்தின் இடம் குடிலில் வெறுமையாகக் கிடக்கும். ஏன் என்று ஊர் கேட்கும். கழுதைக் கதை வெளியில் வரும். பிறகு அவர் கோவிலுக்கும் இல்லை, அண்ணனுக்கும் இல்லை.

6

சின்னண்ணன் பெட்டியைத் திறந்தாராம். சூசையப்பரை மேசையில் வைத்தாராம், பார்த்தாராம், வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விட்டாராம். பின்னேரம் எனக்குப் போன் வந்தது.

"உனக்கு வேற முகம் கிடைக்கேல்லையா, பிள்ளை?"

"கை செய்துபோட்டுது, அண்ணன்."

"அந்த மனுசனைத் தூக்கிக்கொண்டு நான் கோவிலுக்குப் போறதா?"

"நீங்க சூசையப்பரைத்தானே தூக்கிறீங்க."

"சூசையப்பர் என்னை முறைச்சுப் பார்க்கிறார்" என்றார். சிரித்தால் கோபிப்பார் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைசியில் ரோசலின் மச்சாள்தான் வழி சொன்னாள். தலையைத் துணியால் மூடிக்கொண்டு போவது, குடிலில் மாட்டுக்குப் பின்னால் இருட்டான பக்கத்தில் வைத்துவிடுவது. சின்னண்ணன் அரை மனதோடு ஓம் என்றார்.

நத்தாருக்கு முதல் நாள். அங்கே பின்னேரம், எங்களுக்கு மத்தியானம். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். ரோசலின் மச்சாள் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வாடைக்காற்று அப்படி வீசியது, அவள் கதைப்பதில் பாதி எங்களுக்குக் கேட்கவில்லை. முன்னுக்கு மாதா போனார், பிறகு ராசாக்கள், ஆடுகளோடு சின்னப் பிள்ளைகள். சின்னண்ணன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையில் துணி மூடிய சூசையப்பரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். பழைய சுரூபத்தை இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்கவேண்டும், தோள் இறங்கிவிடும். இது கம்பளி, பாரமே இல்லை. யாருக்கும், எனக்கும்கூட, அதை நினைக்கத் தோன்றவில்லை.

படகுகள் இழுத்து வைத்திருக்கும் இடத்தில் திரும்பும்போது ஒரு காற்று அடித்தது. முதலில் துணி பறந்தது. பிறகு சூசையப்பர் பறந்தார். ரெஜியின் சேட்டில் தைத்த அங்கி காற்றை வாங்கிப் படகுப் பாயாக விரிந்தது. மணலில் விழுந்து உருண்டு, எழும்பி, மறுபடியும் உருண்டு, கடலைப் பார்க்கப் போனார். சனம் கத்தியது. சின்னண்ணன் மணலில் கால் புதைந்து குப்புற விழுந்தார். ரோசலின் மச்சாள் ஓடத் தொடங்கினாள், எங்களுக்கு வானமும் மணலும் அவளுடைய பாதமும் மாறி மாறித் தெரிந்தன.

"யார் பிடிச்சது? மாமி, காட்டுங்கோ, யார் பிடிச்சது?" என்று ஷெரின் போனுக்குள் கத்தினாள். சுத்தமான தமிழில் கத்தினாள்.

போன் நேரானபோது பெரியண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றார். சண்டைக்குப் பிறகு அவர் எல்லாருக்கும் கடைசியாக, தள்ளித்தான் நடப்பார். அவர் நின்ற பக்கம்தான் காற்று சூசையப்பரைக் கொண்டுபோயிருக்கிறது. நத்தார்க் கால்சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. இரண்டு கையிலும் சூசையப்பரைப் பிடித்து, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னண்ணன் மண்ணைத் தட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் வந்து நின்றார்.

"பழைய சுரூபம் எங்க?" என்றார் பெரியண்ணன். யாரைக் கேட்கிறார் என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டார்.

"கழுதை உதைச்சுப் போட்டுது" என்றார் சின்னண்ணன்.

வெங்காயப் பேச்சு இப்போது வரும் என்று நான் மேசையை இறுக்கிப் பிடித்தேன். பெரியண்ணன் அந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். தாடியில் ஏறின தண்ணீரை இரண்டு விரலால் பிழிந்துவிட்டார்.

"மெற்றிதானே செய்தது?" என்றார். என் பெயர் மெற்றில்டா. பிறகு சின்னண்ணனை நேராகப் பார்த்துக் கேட்டார். "என்ட மூக்கு இவ்வளவு பெரிசாடா?"

"அளவாத்தான் வச்சிருக்கிறாள்" என்றார் சின்னண்ணன்.

ஆட்டோடு நின்ற ஒரு சின்னப் பிள்ளைதான் முதலில் சிரித்தது. பிறகு கரை முழுக்கச் சிரித்தது. இங்கே ரெஜி கதிரையால் விழப் பார்த்தார். பெரியண்ணன் சிரிக்காமல் தண்ணீரால் ஏறி வந்து, சொட்டச் சொட்டச் சூசையப்பரைத் தம்பியிடம் நீட்டினார். இந்த வருடம் தம்பியின் முறை. சின்னண்ணன் வாங்கி நெஞ்சோடு அணைத்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று மறுபடியும் எழும்பி அங்கியைப் பிடித்து இழுத்தது.

சின்னண்ணன் காற்று வருகிற பக்கத்தைப் பார்த்தார். சூசையப்பரைப் பார்த்தார்.

"அண்ணன், ஒரு பக்கம் நீங்க பிடிங்க" என்றார்.

பெரியண்ணன் பிடித்தார்.